இடது கைக் காம்புத் தையல்

நான் இடது கைக்காரி. சாப்பிடும் கையை மட்டும் வீட்டில் மாற்றிவிட்டார்கள், மற்றதெல்லாம் இடதுதான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு திண்டுக்கல்லில் யுபிஎஸ் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். சால்டரிங் அயர்னை எந்தக் கையில் பிடித்தாலும் ஈயம் ஒரே மாதிரிதான் உருகும். அதனால் எம்ப்ராய்டரி பழகும்வரை என் கையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

பழக்கியது அண்ணி. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர், கல்யாணத்துக்கு முன்பே தையல் வகுப்புக்குப் போனவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் ஊசி இடமிருந்து வலமாகப் போகும். என் கை வலமிருந்து இடமாகப் போகத் துடிக்கும்.

"நீங்க எதிர்ல உக்காருங்க அண்ணி. கண்ணாடியப் பாத்துத் தலை சீவுற மாதிரி உங்களப் பாத்துப் போட்டுக்கிறேன்" என்றேன்.

அந்த யோசனை அற்புதமாக வேலை செய்தது. போனில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டேன். ஓட்டுத் தையல்: தேறியது. சங்கிலித் தையல்: தேறியது. காம்புத் தையல்: நன்றாகவே தேறியது. பிரெஞ்சு முடிச்சு: சில நேரம் முடிச்சு, பல நேரம் சிக்கு. அண்ணி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏன் பாப்பா, ரேங்க் கார்டு எழுதுறியா? அப்பாகிட்டக் கையெழுத்து வாங்கு."

இந்தச் சமயத்தில்தான் சாணார்பட்டிப் பக்கமிருந்து ஒரு டீச்சர் சேலை கொண்டுவந்தார். சின்னாளபட்டிப் பருத்தி, வெங்காயத் தோல் நிறம். மகன் நிச்சயதார்த்தத்துக்குக் கட்ட வேண்டுமாம். முந்தானை ஓரம் முழுக்க ஒரு கொடி, இரண்டு பக்கமும் இலைகள். போனில் போட்டோ காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

அதுவரை அண்ணி தைத்ததெல்லாம் சொந்தக்காரர்களுக்கு. "அவங்க எப்படிப் போட்டுக் குடுத்தாலும் நல்லாயிருக்குன்னுதான் சொல்வாங்க. வெளியாளு ஒருத்தர் சொல்லணும் பாப்பா. அப்பத்தான் எனக்கு வேலை தெரியும்னு நானே நம்புவேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு வெஞ்சனத்தில் உப்புப் போட மறந்திருந்தார்.

நாள் குறைவு என்பதால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். முந்தானையின் ஒரு முனையிலிருந்து அண்ணி, மறுமுனையிலிருந்து நான், நடுவில் சந்திப்பது. வளையத்தில் மாட்டிய பகுதி தவிர மற்றதையெல்லாம் அழுக்குப் படாமல் பழைய துண்டில் சுருட்டி வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை இரண்டு கொடியும் சேர்ந்தன. துண்டை எடுத்துவிட்டு விரித்துப் போட்டோம்.

அண்ணன் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தான்.

"ஏத்தா, என்ன இந்தக் கொடித் தையலு, மழை மாதிரி இங்கிட்டு இப்படிச் சாயுது, அங்கிட்டு அப்படிச் சாயுது?"

"கண்ணத் தொடைச்சுட்டுப் பாரு" என்றேன். பிறகு நானும் பார்த்தேன்.

காம்புத் தையல் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். அண்ணியின் கயிறு ஒரு பக்கம் முறுக்கியிருந்தது, என்னுடையது எதிர்ப்பக்கம். சந்திக்கும் இடத்தில் நூலின் பளபளப்புகூட மாறியது. கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கற்றுக்கொண்டவளுக்குக் கண்ணாடியில் தெரிவதுதானே வரும்? சங்கிலித் தையலுக்கு இடது வலது தெரியாது என்பதால் இலைகள் தப்பித்தன. கொடி மட்டும் மாட்டிக்கொண்டது.

"நடுவுல ஒரு பூவப் போட்டு மறைச்சிரலாமா அண்ணி?"

"போட்டோவுல பூ இல்லையே. அது டீச்சரு பாப்பா, பரிட்சப் பேப்பர் மாதிரி பாக்கும்."

அண்ணி கத்திரிக்கோலை எடுத்தார், வைத்தார். தன் பாதியைப் பிரிக்கலாமா என்று அவர் யோசிப்பது தெரிந்ததும் கத்திரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டேன்.

"செத்த நேரம் பொறுங்க. முதல்ல காரணத்தக் கண்டுபிடிப்போம்."

கடையில் போர்டு வேலை செய்யாவிட்டால் செய்வதைத்தான் செய்தேன். கை இரண்டு வகை. நூலை ஊசிக்குக் கீழே ஒதுக்கலாம், மேலே ஒதுக்கலாம். ஆக நான்கு விதம். கந்தல் துணியில் நான்கையும் வரிசையாகப் போட்டோம், வலது அண்ணி, இடது நான். அண்ணி எப்போதும் நூலைக் கீழே ஒதுக்குபவர். நான் மேலே ஒதுக்கிப் போட்ட வரியும் அவருடைய வரியும் அச்சாக ஒரே மாதிரி இருந்தன.

"அம்புட்டுத்தானா?" என்றார் அண்ணி. "இதுக்கா நான் கத்திரிக்கோலத் தூக்குனேன்?"

அம்புட்டு இல்லை. சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு என் கொடியை முழுக்கப் பிரித்தேன். பருத்தியில் ஊசித் துளைகள் எறும்பு வரிசைபோலத் தெரிந்தன. அண்ணி தண்ணீர் தொட்டு, நகத்தால் இரண்டு பக்கமும் மெல்லச் சுரண்ட, இழைகள் நகர்ந்து மூடிக்கொண்டன. திரும்பப் போடும்போது என் கை பழக்கத்தில் நூலைக் கீழே தள்ளியது. "மேல, மேல" என்று அண்ணி நடத்துனர் மாதிரி கத்திக்கொண்டே இருந்தார். அடுப்படியிலிருந்து அண்ணன், "பஸ்ஸு ரிவர்ஸ் போகுதா?" என்றான்.

ஞாயிறு காலை டீச்சர் வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முந்தானையை மடியில் விரித்தார். என் முனையில் விரலை வைத்துக் கொடிமேல் மெதுவாக நகர்த்தினார். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல் நடுப்பகுதிக்கு வந்தது. நிற்கவில்லை. அண்ணியின் முனைவரை போய்த்தான் நின்றது.

"பச்சைதான் கொஞ்சம் அடிக்குது" என்றார் டீச்சர். "மத்தபடி வேலை சுத்தம். நீங்க ஒரு ஆளே போட்டீங்களா?"

"இல்ல டீச்சர், ரெண்டு பேரு."

"அப்படியா? தெரியலையே!" மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தார். "எங்க ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்கு எல்லா டீச்சரும் ஒரே மாதிரி சேலை எடுப்போம். இதே கொடிய எல்லாத்துக்கும் போட்டுத் தருவீங்களா?"

"தாரோம் டீச்சர்" என்றார் அண்ணி, நான் வாயைத் திறப்பதற்குள்.

டீச்சர் தெரு திரும்பும்வரை காத்திருந்து கேட்டேன். "அண்ணி, எத்தனை டீச்சர்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"கேட்டிருந்தா நீ உடனே போன எடுத்துக் கணக்குப் போட்டு, முடியாதுன்னு சொல்லிருப்ப" என்று சொல்லிவிட்டு, அண்ணி வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.