வெர்லீன் தேடிய இரண்டு அங்குலம்

பழைய பிக்கப் வண்டி வாங்குகிறவர்கள் அதன் அடியில் படுத்துப் பார்க்கும்போது எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்தான். எவனும் கைவைத்திருக்கக் கூடாது, கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்க வேண்டும். வெர்லீன் டக்கெட் மட்டும் அந்த மார்ச் மாதக் காற்றில், முற்றத்துச் செம்மண்ணில் ஒரு அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டு, எவனாவது கைவைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று கடவுளைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

வண்டிக்கு அடியில் படுப்பது அவளுக்குப் புதிதில்லை. ஒக்லஹோமாவின் மேற்கு மூலையில், கோதுமை வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் வீடுகளில் இருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் பள்ளி பஸ்ஸை அவள்தான் ஓட்டுகிறாள். காலையில் சாவியைத் திருப்பும் முன் பஸ்ஸுக்கு அடியில் குனிந்து, வில்லுப் பட்டைகளையும் போல்ட்டுகளையும் ஒருமுறை பார்க்காவிட்டால் அவளுக்குக் காபி இறங்காது. எப்போதோ ஒரு பனிக்காலத்தில் விரிசல் விட்டுப்போன பட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்று தலைமையாசிரியரிடமே சண்டை போட்டவள். வாய் அதிகம், வேலை சுத்தம் என்று ஊரில் பேர்.

அவள் கணவன் டாய்ல் தானிய லாரி ஓட்டியவன். போன இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் போயின. வாய் ஒரு பக்கம் கோணினாலும் நக்கலுக்குக் குறைச்சல் வரவில்லை. டல்சாவில் இருக்கும் மகள் ஷெரிலின், இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் நச்சரித்தாள். கிறிஸ்துமஸ் அன்று டாய்ல் ஒரேயடியாகச் சொல்லிவிட்டான்.

"என் பிக்கப்புல என்னால ஏற முடியாம போற அன்னிக்கு வந்து என்னை மூட்டை கட்டிக்கிட்டுப் போ. அதுவரைக்கும் வாயை மூடு."

அவனுடைய பழைய பிக்கப் அந்தக் குளிர்காலத்திலேயே கடைசி மூச்சை விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வரும் வேனில், நாற்காலியோடு தூக்கி ஏற்றும் தட்டில் அவனை ஏற்றினார்கள். "கன்னுக்குட்டியை ஏத்துற மாதிரி ஏத்துறானுங்க" என்று முனகிவிட்டு, திரும்பி வந்த நாளெல்லாம் யாரோடும் பேச மாட்டான். வியாழக்கிழமை மாட்டுச் சந்தைக்கு, சொந்த வண்டியில், சொந்தக் காலால் ஏறிப் போக வேண்டும். அவன் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். அதற்காகத்தான் வெர்லீன் தேடித் தேடி, அதே கம்பெனியின் அதே மாடல் பழைய வண்டி ஒன்றைப் பக்கத்து ஊரில் இருந்து ஓட்டி வந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவனை வண்டிக் கதவருகே நிறுத்தினாள். நல்ல காலை மேலே வைத்தால் கெட்ட கால் தாங்கவில்லை. கெட்ட காலோ தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். "நான் என்ன நர்சரிப் பிள்ளையா?" என்று அதைக் கைத்தடியால் தள்ளிவிட்டான். வியர்த்துக் கொட்டியது. கடைசியில் நாற்காலியில் பொத்தென்று விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்.

"இந்த வண்டியை எவனோ தூக்கியிருக்கான், வெர்லீன். இருபது வருஷம் இதே மாடல்ல ஏறினவன் நான். எனக்குத் தெரியாதா இதோட உயரம்? இப்பத்தப் பயலுங்க முன்னாடி ரெண்டு இஞ்ச் தூக்காம ஒரு வண்டியையும் விடுறதில்ல. அடியில போய்ப் பாரு."

அந்த ஊரில் அது நடக்காத காரியமில்லை. பிக்கப் என்பது கம்பெனியில் இருந்து வரும்போது மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் தூக்கித்தான் நிற்கும். பாரம் ஏற்றினால் சமமாகும். இளவட்டங்களுக்கு அது பிடிக்காது. முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கு மேலே ஒரு இரும்பு வட்டத்தைச் சொருகி, மூக்கைத் தூக்கிச் சமமாக்கிவிடுவார்கள். இது வெர்லீனுக்கும் தெரியும். முற்றத்தில் நிற்கிற வண்டியின் மூக்கு தாழ்ந்திருப்பதும் கண்ணில் படத்தான் செய்தது. மனசுதான் அதைப் பார்க்க மாட்டேன் என்றது.

முன்பக்கம் வட்டம் எதுவும் இல்லை. போல்ட் தலைகளில் கம்பெனிக்காரன் வைத்த மஞ்சள் பொட்டு கலையாமல் இருந்தது. டயரும் கதவு ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் போட்ட அளவேதான். பின்னால் ஊர்ந்து போனாள். அச்சுக்கும் வில்லுப் பட்டைக்கும் நடுவே, தூக்குவதற்கென்றே வைத்ததுபோல ஒரு இரும்புக் கட்டை! அவளுக்கு உயிர் வந்தது. எழுந்து மண்ணைக்கூடத் தட்டாமல், மெக்கானிக் கிளீட்டின் பட்டறைக்கு வண்டியை விரட்டினாள்.

கிளீட் டார்ச்சைப் பிடித்துக் குனிந்து பார்த்தான்.

"வெர்லீனம்மா, இது கம்பெனிக் கட்டை. எல்லா வண்டியிலயும் இருக்கும். இதோ பாருங்க, முத்திரை."

"நல்லாப் பாருப்பா. வேற எங்கயாவது?"

"தேடிப்பிடிச்சு வாங்கியிருக்கீங்க. ஒருத்தனும் ஸ்பேனரே வைக்கலை. இப்படி ஒரு வண்டி கிடைக்க எத்தனை பேர் அலையுறாங்க தெரியுமா?" என்று அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"அப்ப இன்னும் கீழே இறக்கு."

"இறக்கலாம். ஆனா உங்க வீட்டு ரோட்டுக் குழியில வயிறு உரசும். அப்புறம்..." அவன் தயங்கினான். "டாய்ல் எவ்வளவு உயரம் காலைத் தூக்குறாரு?"

குளியலறை வாசலில் இருக்கும் விரல் தடிமன் சட்டத்தில்கூட டாய்லின் கால் தினமும் இடறுகிறது. அவள் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

அப்போதும் விடவில்லை. வழியிலேயே வண்டியை ஓரங்கட்டி, விற்ற பையனுக்குப் போன் போட்டாள்.

"நீ இதுல ஏதாவது மாத்தினியாப்பா?"

"ஐயோ மேடம், ஒரு நட்டைக்கூடத் தொடலை. எங்க தாத்தா வண்டி."

"பயப்படாதே, நான் கோவிச்சுக்க மாட்டேன். கொஞ்சம் யோசிச்சுப் பாரு. முன்னாடி ஒரு ரெண்டு இஞ்ச்? ஒண்ணரை?"

"சத்தியமா இல்லை மேடம்! பைபிள் மேல வேணா கை வைக்கிறேன்."

இப்படி ஒரு யோக்கியனிடம் போய் வாங்கினோமே என்று ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாள். வண்டியில் குறை இருந்தால் கழற்றி எறியலாம். வண்டி நன்றாக இருந்தால் என்ன செய்வது?

வீட்டுக்குள் நுழைந்ததும் டாய்ல் கேட்டான்.

"என்ன, டிரைவரம்மா? நான் சொன்னது சரிதானே?"

"சரிதான், கிழவா. முன்னாடி ரெண்டு இஞ்ச். வட்டம் போட்டுத் தூக்கி வச்சிருக்கான், படுபாவி."

எப்படி வந்தது அந்தப் பொய் என்று அவளுக்கே தெரியவில்லை. டாய்லுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அன்று இரவு அவித்த பீன்ஸையும் சோளரொட்டியையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கிளீட் எப்போது இறக்குவான், அடுத்த சந்தைக்கு ஆகிவிடுமா என்று தூங்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் "ஆகும், ஆகும்" என்றாள்.

வியாழக்கிழமை, அவள் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியதும், தன்னை வெளியே தள்ளிக்கொண்டு போகச் சொன்னான். காத்து பலமா இருக்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்று எவ்வளவோ சொன்னாள். கேட்டால்தானே.

நாற்காலியை வண்டிக்குப் பக்கவாட்டில் நிறுத்தினாள். உட்கார்ந்தவன் கண்ணுக்கு நேரே வண்டியின் முழு நீளமும் தெரிந்தது. மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி, கம்பெனி வாசலில் இருந்து நேற்றுத்தான் புறப்பட்டதுபோல அது நின்றுகொண்டிருந்தது. இதைப் படிக்க அடியில் படுக்க வேண்டியதில்லை. ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். அவள் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டு அவன் பின்னந்தலையையே பார்த்தாள்.

டாய்ல் வண்டியை மூக்கில் இருந்து பின்பக்கம்வரை ஒருமுறை பார்த்தான். பிறகு நல்ல கையைத் தூக்கி, பின்னால் துழாவி, அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமா வெர்லீன். நல்லாத்தான் தூக்கியிருக்கான். ரெண்டு இஞ்ச் இருக்கும்."

"கிளீட் கிட்ட சொல்லி..."

"வேணாம், அவனுக்கு வேலை கிடக்கும்." அவள் விரல்களை அவன் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை ஷெரிலின் போன் பண்ணா, அவ வீட்டு வாசல்ல எத்தனை படின்னு கேட்டு வை."

அவள் சரி என்றாள். குளிர் ஏறிக்கொண்டிருந்தது, நாற்காலியைத் திருப்பி அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.