முழுதாக அணைந்திருந்த சுவிட்ச்

நம்பினால் நம்புங்கள். இல்லையென்றால் வயதான பொம்பளை பிதற்றுகிறாள் என்று போய்விடுங்கள். அரிசோனா பாலைவெளியில், பட்டப்பகலில், என் கண்முன்னே நடந்தது இது.

வீட்டை விற்றுவிட்டு, தம்பி வெல்டனிடம் பழைய வீட்டுவண்டி ஒன்றை வாங்கினேன். அதில் கன்வெர்ட்டருக்கு வயரிங் செய்தவனும் அவன்தான். ஜெனரேட்டர் மின்சாரத்தை மாற்றிப் பேட்டரிக்கு ஏற்றும் பெட்டி அது. பேட்டரி ஏறாவிட்டால் ராத்திரி ஹீட்டர் ஓடாது, குளிரில் விறைத்துப்போவேன். போக வேறு வீடும் எனக்கு இல்லை.

முதல் நாள் இரண்டு மணிக்கு ஜெனரேட்டரைப் போட்டேன். 2:17... 'டக்'. கன்வெர்ட்டர் சுவிட்ச் விழுந்திருந்தது. மின்பாரம் தாங்காமல் தானாக விழுந்தால் அது பாதியில் நிற்கும். இது முழுதாக அணைந்திருந்தது. கை வைத்து அணைத்தால்தான் அப்படி.

மறுநாளும் 2:17. டக்.

வெல்டனுக்குப் போன் செய்தேன். சிரித்தான். "நீயே அணைச்சிட்டு மறந்திருப்பக்கா. வயசாகுதில்ல?" என்றான். வயரெல்லாம் புதுசு என்று சத்தியம் வேறு செய்தான். கூடப்பிறந்தவன் ஆயிற்றே என்று நம்பினேன்.

மூன்றாம் நாள் சுவிட்ச் விழாதபடி மேலே டேப் ஒட்டிவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்தேன்.

2:16. பெட்டியின் விசிறிச் சத்தம் மட்டும்...

டேப்பின் ஓரம் எழுந்தது.

மெல்ல உரிந்தது...

டக்.

அலறிக்கொண்டு வெளியே ஓடினேன். பக்கத்து வண்டி ஆர்வில் வந்தார். எலக்ட்ரீஷியனாக இருந்தவர். துருவேறிய திருகுகளை உடைத்துத்தான் கன்வெர்ட்டரை மூடியிருந்த பலகையைக் கழற்ற முடிந்தது. உள்ளே மெலிந்த பழைய வயர், உறை கருகிக் கிடந்தது. ஃபியூஸே இல்லை.

"இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடியிருந்தா வண்டியோட வெந்திருப்ப, வெர்னா" என்றார்.

பலகையின் உள்பக்கம் பென்சில் எழுத்து. 'வெல்டன், வயர் சுடுது. மாத்திக் கொடு. ஹார்லன்.' கீழே வரிசையாகத் தேதிகள், சுட்ட ஒவ்வொரு நாளும் குறித்ததுபோல.

மறுபடி வெல்டனை அழைத்து, ஹார்லன் யார் என்று கேட்டேன். எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் என்றான். அதற்குள்ளேயே புகையில் மூச்சுமுட்டிச் செத்து இரண்டு வருடமாம். கழுவி, பெயின்ட் அடித்து என் தலையில் கட்டியிருக்கிறான்.

"பலகையில நாலு தேதி இருக்குடா" என்றேன்.

"மூணுதானேக்கா இருந்துச்சு..."

படித்திருக்கிறான். மூன்றையும் படித்துவிட்டுத்தான், பாவி, சொந்த அக்காவுக்கு விற்றிருக்கிறான். போனை வைத்துவிட்டுப் பலகையைத் திருப்பிப் பார்த்தேன்.

நான்காவது, அதே கையெழுத்தில், அன்றைய தேதி.