ஃபிரிட்ஜின் பின்பக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணேசன் போன் பண்ணினான். என் சித்தப்பா மகன். ராகலையில் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். எடுத்த எடுப்பிலேயே, தனக்கும் மனைவி கலாவுக்கும் நடுவே பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க ஒருக்கா வீட்டுக்கு வரணும். ஃபிரிட்ஜை வித்துருவோம்னா கலா அழுவுறா. கரண்ட் பில்லைப் பார்த்தா எனக்குல்ல அழுகை வருது! நீங்க சொன்னா கேப்பா."

ஃபிரிட்ஜ் விஷயத்தில் நான் ஏற்கெனவே கணேசன் கட்சிதான். நுவரெலியாப் பக்கம் நாமே விறைத்துப்போய்க் கிடக்கிறோம். இதில் தேங்காய்க்கும் சம்பலுக்கும் தனியாக ஒரு குளிர் வேண்டுமா என்ன?

ஆகவே, தீர்ப்பை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அங்கே நல்ல மழை. கலா நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே தேத்தண்ணீர் ஊற்றினாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுதானே... முன்னால் காம்பரா என்று ஓர் அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். அந்த அடுப்படியில் விறகடுப்புக்குப் பக்கத்திலேயே, சுவரோடு சுவராக நிற்கிறது ஃபிரிட்ஜ். பழையது, இரண்டாம் கை. நான் தேத்தண்ணீர் குடித்து முடிக்கிற வரைக்கும் அதன் மோட்டர் ஒரு தடவைகூட ஓயவில்லை.

கதவைத் திறந்து பார்த்தேன். பாதித் தேங்காய், கிண்ணத்தில் சம்பல், தண்ணீர்ப் போத்தல். இதற்காகவா இந்த அழுகை?

பிரசங்கத்தை ஆரம்பித்தேன். "கலா, உள்ள இருக்கிற சூட்டை எடுத்துப் பின்பக்கக் கம்பி வழியா வெளிய தள்ளுறதுதான் ஃபிரிட்ஜோட வேலை. அந்தக் கம்பிக்குக் காத்து வேணும். நீ சுவரோட ஒட்டி வச்சிருக்க. பக்கத்துல அடுப்பு வேற. அது பாவம், எப்ப ஓயும்?"

"அப்புடிச் சொல்லுங்கக்கா!" கணேசனுக்கு ஒரே குஷி. "இப்பவே இழுத்துப் பாத்துருவோம்."

"வேணாங்க!" கலா குறுக்கே வந்தாள். அதற்குள் அவன் இழுத்துவிட்டான்.

பின்னால், அந்தக் கறுப்புக் கம்பிகளின் மேல் கையை விரித்தபடி ஒரு வெள்ளைக் கவுன். மகள் தர்ஷினியின் பள்ளிக்கூடக் கவுன். ஓரத்தில் இரண்டு காலுறைகள் செருகிக் கிடந்தன.

"அடியே, ஃபிரிட்ஜுலயா துணி காயப்போடுவாங்க? மோட்டர் நிக்காம ஓடுறது இதுனாலயா? பத்திக்கிச்சின்னா என்னா ஆகும்?" கணேசன் கத்தினான்.

கலா அவனைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள். "இந்த மழையில வெளிய எங்கக்கா காயும்? அடுப்புக்கு மேல போட்டாக் காயும், ஆனா ஒரே புகை நாத்தம். கிளாஸ்ல டவுன் புள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிட்டுத் தள்ளி ஒக்காந்துச்சுங்களாம். இனிமே ஸ்கூலுக்கே போகலைன்னு படுத்துட்டா. அப்பாகிட்ட சொல்லிறாதம்மான்னு கையைப் புடிச்சிக்கிட்டு ஒரே அழுகை."

"இஸ்திரி போட்டுக் காய வைக்கிறது..." என்று நான் இழுத்தேன்.

"ஈரத்துணியில இஸ்திரி போட்டா அது இதைவிடக் கரண்ட் தின்னும். இதுல போட்டா விடியிறதுக்குள்ள காஞ்சிருது. நாத்தமும் இல்ல. ஃபிரிட்ஜ் போச்சுன்னா அவ ஸ்கூலுக்குப் போக மாட்டாக்கா."

கணேசன் கவுனை மெல்ல உருவி எடுத்தான். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தான். பிறகு அடுப்புக்கு மேலே கொடியில் கிடந்த தன் சட்டையை இழுத்து, அதையும் முகர்ந்தான்.

"என் மேலயும் இப்புடித்தான் நாறுதா, கலா?"

வீணாகிற மின்சாரத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோமே... அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் வெளியே தள்ளுகிற சூட்டைக்கூட ஒரு தாய் வீணாக்காமல் வைத்திருக்கிறாள். இவளுக்கா நான் சிக்கனம் சொல்லித்தர வந்தேன்?

என் அறிவுரைகளில் அன்றைக்கு உருப்படியானது ஒன்றே ஒன்றுதான். துணி கம்பியில் படக் கூடாது. ஆனால் சூடு எப்படியும் மேலேதானே எழும்பும்? கணேசன் சுத்தியலை எடுத்தான். டீவி மேசை நகர்ந்தது. முன் காம்பரா மூலைக்கு ஃபிரிட்ஜ் இடம் மாறியது... அடுப்பு இல்லாத இடம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. அதற்கு மேலே, நல்ல உயரத்தில், ஒரு கயிறு. கவுனை அவனே உதறித் தொங்கவிட்டான்.

கொஞ்ச நேரம் மூன்று பேரும் ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றோம். மோட்டர் ஓய்ந்தது. வீட்டில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

நேற்றுக் கலா போன் பண்ணினாள். பில் குறைந்திருக்கிறதாம்.

"துணி காயுதா?"

"முன்னையவிடக் கொஞ்சம் நேரம் எடுக்குதுக்கா. ஆனா காஞ்சிருது. தர்ஷினியும் ஒழுங்காப் போறா."

"ஃபிரிட்ஜை விக்கிற கதை என்னாச்சு?"

"அதையேன் கேக்குறீங்க! கயித்துல பாதி எடம் தன் சட்டைக்குத்தான்னு புடிச்சிக்கிட்டாரு. அப்பனும் மகளும் தெனமும் சண்டை!"

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தள்ளும்போது பின்னால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்... வீட்டுக்காரியோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால்!