பேருந்து நிலையத்து எதிர் வரிசைக் கடைகளும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டிய அப்பா படுத்த படுக்கையானதும், பள்ளியை விட்டுவிட்டு டவுனில் சைக்கிள் கடை வேலைக்குப் போனார். தம்பியையும் என்னையும் அவர்தாம் படிக்க வைத்தார். பின்னர் பேருந்து நிலையத்துக்கு எதிர் வரிசையில் சொந்தமாக மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்தார்.

அந்த வரிசையின் கதை முழுவதும் அவருக்கு அத்துப்படி. மாவு மில் யார் கைக்கு மாறியது, தையற்கடைக்காரர் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் சிலிம் ரிவர் ஊருக்குப் போனார், பாய் கடையில் முதலில் சமைத்தவர் யார் என்றெல்லாம் டயர் மாற்றிக்கொண்டே சொல்வார்.

வரிசையை இடிக்கப் போகிறார்கள் என்றதும், பழைய கடைகளைப் பற்றிப் பேசும்படி கோயில் இளைஞர்கள் அவரை அழைத்தார்கள். அதற்கென்று புதுச் சட்டை தைத்துக்கொண்டார். அந்த வாரமே பக்கவாதம் வந்தது.

ஈப்போ மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது அவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. “பசிக்குதாண்ணே?” என்றால் “இல்ல” என்பார்; ஊட்டினால் சாப்பிடுவார். ஆமாம் என்பதற்கும் அதே சொல்தான்.

பட்டறைக்குப் பக்கத்தில் கோப்பிக்கடை வைத்திருந்த சீனர் ஆ லெக் அங்கிள் அடிக்கடி வந்து பார்ப்பார். டவுனுக்குப் பிந்தி வந்தவர் அவர்; பழைய கடைகளை அறியாதவர். ஒருநாள் அண்ணனிடம் கேட்டார்:

“தம்பி, உன் கடை வர்றதுக்கு முன்னாடி அங்க யாரு இருந்தா? போட்டோ கடையா?”

“இல்ல.”

“பல்லு டாக்டரா?”

“இல்ல, இல்ல!” அண்ணன் நல்ல கையால் கட்டிலைத் தட்டினார். கண்ணீர் வழிந்தது. சரி என்று தட்டினாரா, தப்பு என்றா? எங்களுக்குத் தெரியவில்லை.

“விடுங்க அங்கிள், அண்ணன் களைச்சிட்டாரு.”

“நான் விட்டுடுவேன்மா. அவன் விட மாட்டான் லா.”

கடைகளை இடித்த சத்தம் வீடு வரை கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன். “இல்ல” என்றார். திறந்தேன். அதற்கும் “இல்ல” என்றார். என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் கதவைப் பிடித்தபடியே நின்றேன். சில நாள்களில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது.

அவரைக் குளிப்பாட்டித் தூக்கிவிட உதவிய அண்டை வீட்டாருக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், ஆ லெக் அங்கிளுக்கும், கடைசிவரை உடன் வந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அண்ணன் பட்டறைக்கு முன் அந்த இடத்தில் யார் கடை இருந்தது என்று உங்களில் யாருக்கேனும் தெரிந்தால், தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள். அன்று அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.