தங்கை வீட்டுத் தரைக்குக் கல் எடுக்கப் போனது

ஐப்பசி பிறந்த வாரம், திங்கட்கிழமை காலை வண்டியில் காரைக்காலை விட்டுப் புறப்பட்டோம். பேரளம் வரை பதினைந்து மைல். அங்கே இறங்கி மாயவரம் வண்டிக்கு மாறி, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி போய்ச் சேர வேண்டும். மூன்றாம் வகுப்பில் இருவருக்கும் ஐந்து ரூபாய் சொச்சம் ஆயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய் ஒரு வருஷமாகியிருந்தது. எல்லையில் பெட்டியைத் திறந்து காட்டும் தொல்லை இல்லாமல் நான் செய்த முதல் நெடும்பயணம் இது. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கிற நிலையில்தான் நான் இல்லை.

உடன் வந்தவர் என் தங்கை ஜுலைகாவின் கணவர் ஜமால். சைகோனில் ஆறு வருஷம் கடை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். நான் காரைக்காலில் சிறிய ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். எங்களவர்களில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா காலமாகிவிட்டதால் தங்கைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஊருக்கு மேற்கே வயல் ஓரமாக மனை வாங்கி, சுவர் எழுப்பி, ஓடு போட்டு, செங்கல்லால் தரையும் பாவியாயிற்று. குடிபோன மறுவாரம் ஜுலைகா பாயை உதறி விரிக்கும்போது, இரண்டு செங்கல்லுக்கு நடுவிலிருந்து ஒரு நல்ல பாம்பு தலையைத் தூக்கியிருக்கிறது. அடியில் எலி வளை. வயல் எலியைத் தேடி வந்தது, வழி கிடைத்ததும் மேலே வந்துவிட்டது. அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். அன்றைக்கே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "கல்லு போட்டாத்தான் நானா நான் அந்த வூட்டுக்குள்ள காலு வைப்பேன்" என்று சொல்லிவிட்டாள். எங்களில் அண்ணனை நானா என்போம். தூக்கத்தில் அலறி எழுந்திருப்பாள். அவள் அலறலைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தூக்கம் போயிற்று.

எங்கள் பக்கம் மாங்காய் அடிக்கிற பிள்ளைகள்கூட மண்ணாங்கட்டியைத்தான் எடுப்பார்கள். கல் வேண்டுமென்றால் மேற்கே போக வேண்டும்.

மாயவரத்தில் ஏறிய வெற்றிலை வியாபாரி ஒருவர் எங்கள் காரியத்தைக் கேட்டு, "கல்லு வாங்கறது சுலபம்ங்க. கொண்டாந்து சேர்க்கறதுலதான் இருக்கு. லோடோட மட்டும் ஏறாதீங்க. ரயில்ல திரும்பிடுங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "அதுவா, எதுக்கு இப்ப?" என்று வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார். அவர் காரணத்தைச் சொல்லியிருந்தால் அது ஒரு பயத்தோடு நின்றிருக்கும். சொல்லாததால் திருச்சி வரை ஆயிரம் பயமாகப் பெருகிற்று.

செவ்வாய்க்கிழமை காலை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் பத்து மைல் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஒரு மைல் பொட்டலில் நடந்தோம். கல் குழி என்றால் கிணறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் பெரிய பள்ளிவாசலை மினாராவோடு இறக்கி வைத்தாலும் உச்சி வெளியே தெரியாது. அத்தனை ஆழத்தில் ஆண்களும் பெண்களும் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தார்கள். விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்ததும் நான் இரண்டடி பின்வாங்கினேன். ஜமால் இன்னும் ஓரமாகப் போய் நின்றார்.

திடீரென்று கொம்பு ஊதினார்கள். "வேட்டு! வேட்டு!" என்று நாலாபக்கமும் கூச்சல். குழியின் மேஸ்திரி பெரியண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு பாறைச் சரிவின் அடியில் தள்ளினார். ஜமாலும் ஓடிவந்து என்னருகில் குந்தினார். முதலில் சத்தம் வரவில்லை, தரை உதறியது. அப்புறம்தான் இடி. புகை வந்தது. கடைசியில், எல்லாம் முடிந்தது என்று நான் தலையைத் தூக்கியபோது, மேலே போன கற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எதிரே தகரக் கொட்டகையின் மேல் தேங்காய் அளவுக் கல் ஒன்று விழுந்து கூரையைத் துளைத்துக்கொண்டு போயிற்று.

"தெனமும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வேளை" என்றார் பெரியண்ணன், சாப்பாட்டைச் சொல்வதுபோல.

கல் தேர்வு செய்வது இரண்டு மணி நேர வேலை. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குல கனத்தில் பலகையாக அறுத்து, உளியால் பொளிந்து அடுக்கியிருந்தார்கள். பலகை ஒன்று இரண்டே கால் ரூபாய். சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் உடைந்த சட்டி மாதிரி மொத்தையாகச் சத்தம் வரும். அப்புறம் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் காயவிட வேண்டும். கல் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அதை ஒதுக்கிவிடலாம். ஜமாலுக்கு வழவழவென்று தேய்த்த கருங்கல் மேல் கண். சைகோனில் துரைமார் வீடுகளில் அப்படிப் பார்த்திருக்கிறார். பிள்ளைத்தாய்ச்சி ஈரக்காலோடு நடக்கிற தரைக்கு அது வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்று, சொரசொரப்பாகப் பொளிந்த சாம்பல் நிறக் கல்லையே எடுத்தேன். கூடத்துக்கும் அறைக்கும் சேர்த்து அறுபது பலகை, ஐந்து டன்.

லாரிக்காரர் ராயப்பன் திருச்சிக்காரர். காரைக்காலுக்கு நூற்றைம்பது ரூபாய் பேசி முடித்தார். பலகைகளைப் படுக்கவைத்தால் குலுக்கலில் முறிந்துவிடும் என்று, அலமாரியில் புத்தகம் நிறுத்துவதுபோல நிறுத்தி, நடுநடுவே வைக்கோல் திணித்து வடம் போட்டுக் கட்டினார்கள். ரயிலில் திரும்பலாம் என்று நான் சொன்னதற்கு ஜமால் சிரித்தார். "கல்லு ஒரு பக்கம், நாம ஒரு பக்கமா மச்சான்? உடைஞ்ச கல்ல எறக்கிப் போட்டுட்டுப் போனா யார்ட்ட கேக்கறது?"

புதன்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். தஞ்சாவூர் வரை முப்பத்தைந்து மைல் நல்ல வெயில். கும்பகோணத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது தூறல் விழத் தொடங்கியிருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் வைக்கோல் நசுங்கி, கற்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. வடத்தை இறுக்கினார்கள். "நான் பின்னாடி குந்திக்கிட்டு வடத்தப் பாத்துக்கறேன்" என்று ஜமால் ஏறிவிட்டார். வேண்டாம் மாப்பிள்ளை என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, லாரியின் இடது பக்க மரச் சட்டத்துக்கும் கற்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் நான் பாதையைப் பார்க்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் இருந்த சிறு ஜன்னல் வழியாக அவர் சாக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். மழை வலுத்தது. பேரளம் தாண்டி, அம்பகரத்தூருக்கு இரண்டு மைல் இருக்கும்போது பாதை ஆற்றங்கரை மேலேயே போகிறது. மண் சாலை. இடப்பக்கம் செந்தண்ணீர் கரை தொட ஓடுகிறது. எதிரே காரைக்காலிலிருந்து வரும் பஸ். ராயப்பன் வழிவிட ஓரம் கட்டினார்.

கரை மண் கூழாகியிருந்தது. இடப்பக்கச் சக்கரங்கள் சத்தமில்லாமல் இறங்கின. லாரி ஆற்றைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. பின்னால் தேர் வடம் அறுந்ததுபோல் ஒரு சத்தம், அதையடுத்து கல்மேல் கல் சரியும் ஓசை. ஜன்னலில் சாக்கைக் காணோம்.

"மாப்ளே!" என்று கத்திக்கொண்டு வலப்பக்கக் கதவு வழியாகக் குதித்தேன். ஜமாலின் தலையும் தோளும் தெரிந்தன. பத்துப் பன்னிரண்டு பலகைகள் அவர்மேல் சாய்ந்து, இடது தொடையைச் சட்டத்தோடு சேர்த்து நெரித்துக்கொண்டிருந்தன. முகம் வெளுத்திருந்தது. "மூச்சு விட முடியுது மச்சான். காலுதான் தெரியல" என்றார். கல்மேல் கல் சாய்ந்திருந்ததால் வலப்பக்கத்திலிருந்துதான் எடுக்க முடியும். நான் பாய்ந்து அந்தப் பக்கத்துக் கல் ஒன்றைப் பற்றினேன். ராயப்பன் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"தொடாதீங்க! இந்தப் பக்கக் கல்லுதான் வண்டியப் புடிச்சு வச்சிருக்கு. ஒண்ணொண்ணா எடுத்தீங்கன்னா வண்டி ஆத்துக்குள்ள போயிரும். அவரும் போயிருவாரு."

எடுக்காவிட்டால்? சட்டம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. மழையில் கரை கரைந்துகொண்டிருந்தது. ஊரில் வாசலைப் பார்த்துக்கொண்டு என் தங்கை உட்கார்ந்திருப்பாள். அவளிடம் போய் என்ன வார்த்தை சொல்வேன் என்ற ஒன்றுதான் நெஞ்சில் ஓடியது. கலிமா ஓதினேனா, வெறுமனே உதடு அசைந்ததா, தெரியாது.

பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லோரும் இறங்கிவந்து சுற்றி நின்றார்கள். ராயப்பன் அறுந்தது போக மீதியிருந்த வடத்தை லாரியின் வலப்பக்கச் சட்டத்தில் கட்டி, எதிர்ப்புறத்துப் புளியமரத்தில் சுற்றினார். "தாங்குமா?" என்றேன். "தெரியலைங்க" என்றார். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை குரல் கொடுத்தாள். பட்டினச்சேரிக் கருவாட்டு வியாபாரி, பெயர் அஞ்சம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு.

"கல்லு போனா கனம் போவுதுன்னுதானே பயப்படுற? கல்ல எறக்கு, நான் ஏறிக்கிறேன்."

"யம்மா, வண்டி போனா நீயும் போவ" என்றார் ராயப்பன்.

"நான் கடக்கரைக்காரி. எனக்கு நீஞ்சத் தெரியும். அந்தப் புள்ளைக்குக் காலு மாட்டியிருக்கு, அதால நீஞ்ச முடியுமா?" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு, சக்கரத்தில் கால் வைத்து வலப்பக்கச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினாள். "எடுங்க!"

நானும் ராயப்பனும் இன்னும் இருவரும் சேர்ந்து முதல் பலகையைப் பூப்போல உருவிக் கரையில் வைத்தோம். லாரி அசைந்தது. நின்றது. அடுத்த கல்லுக்கு பஸ் கண்டக்டர் ஏறினார். அதற்கடுத்ததற்கு யாரும் வரவில்லை. அஞ்சம்மாள் திரும்பிப் பார்த்து, "பாத்துக்கிட்டு நிக்கவா எறங்குனீங்க?" என்று ஒரு அதட்டல் போட்டாள். ஒரு குடியானவர் ஏறினார். திருநள்ளாற்றில் சாமி கும்பிட்டுத் திரும்பிய தம்பதிகள் ஏறினார்கள். ஒரு கல்லுக்கு ஓர் ஆளாக அந்தப் பக்கம் மனிதர்கள் வௌவால் மாதிரித் தொங்கினார்கள். பாதி வேலையில் வடத்தின் ஒரு புரி பட்டென்று தெறித்து அறுந்தது. ஒரு கிழவர் வாய்விட்டு அழுதார், ஆனால் இறங்கவில்லை.

கடைசிப் பலகை வந்ததும் ஜமாலைத் தோளில் வாங்கினேன். கால் துணி மாதிரித் துவண்டது. அவரைச் சாலைக்குக் கொண்டுவந்த பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோருக்கும் கடைசியில் அஞ்சம்மாள் கையை விட்டாள். லாரி இன்னும் ஒரு முழம் ஆற்றுக்குள் இறங்கி, புளியமரத்து வடத்தில் தொங்கி நின்றது.

ஜமாலை ஏற்றிக்கொண்டு, பஸ் டிரைவர் கும்பகோணம் போகிற பஸ்ஸை அரை மைல் பின்னோக்கியே ஓட்டிப் போய்த் திருப்பினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. காரைக்கால் ஆஸ்பத்திரியில் தொடை எலும்பு இரண்டாக முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். கால் தப்பும், நடை பழையபடி வராது. ஜுலைகாவிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. "உசுரு இருக்குல்ல நானா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

லாரியையும் கற்களையும் நாலு ஜோடி மாடு கட்டி மறுநாள் இழுத்தார்கள். ஐந்து பலகை உடைந்திருந்தது. எலி வளைகளில் கண்ணாடிச் சில்லும் மணலும் போட்டு அடைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, கற்களைப் பாவி, சந்துகளில் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசினார்கள். உடைந்த துண்டுகள் சமையற்கட்டு வாசலுக்குப் போயின. கார்த்திகைக் கடைசியில் ஜுலைகா குடிபோனாள். குழந்தை அந்த வீட்டில்தான் பிறந்தது, பெண். இப்போது அந்தத் தரையில் தவழ்கிறது. ஜுலைகா அதைத் தரையில் விட்டுவிட்டு நிம்மதியாக அடுப்பைப் பார்க்கிறாள்.

என் வீட்டுத் தரை இன்னும் செங்கல்தான். போன வாரம் ஜமால் கோலை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்து, "ஒங்க வூட்டுக்கும் போட்டுருவோம் மச்சான். தை பொறக்கட்டும், நானும் வர்றேன்" என்றார். எலும்பு முறிந்தவர் அவர்தான். நான் அன்று முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன். இன்றும் சாலையில் லாரி போகும் சத்தம் கேட்டால் உள்ளங்கை வேர்க்கிறது.

"பாக்கலாம்" என்றேன். அன்று மாலையே, ராத்திரியில் செங்கல் இடுக்கைப் பார்த்துக் கால் வைக்க, கடைத்தெருவில் நல்லதாக ஒரு அரிக்கேன் விளக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.