மங்கையர்க்கரசியும் பண்ணையார் அரங்கும்

சோழவந்தானில் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அடித்தது. "ஐயா, மங்கையர்க்கரசி மேடம் தவறிட்டாங்க" என்றாள், அவரிடம் படித்த ஒரு பெண். பாதி வெட்டிய தலையோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன். என்னைவிட மிகவும் இளையவர் அவர். இந்த வரிசை எனக்கு ஒப்பவில்லை.

பல்கலைக்கழகத்தில் அவர் நாட்டுப்புறவியல் பேராசிரியர். நான் ஐந்தாம் வகுப்போடு கூலிக்குப் போனவன். தானாகவே எழுதப் பழகி, எங்கள் சனத்தின் கதைகளைப் புத்தகமாகப் போட்டவன். அதைப் பாடமாக வைக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். கொச்சையாக இருக்கிறது, திருத்தித் தந்தால் நல்லது என்று மற்றப் பேராசிரியர்கள் சொல்லியனுப்பினார்கள். ஓர் எழுத்தையும் தொட விடமாட்டேன் என்றேன். "மாத்தாதீங்கண்ணே. அவங்க படிச்சுப் பழகட்டும்" என்றார். இந்த அஞ்சலியைப் படிக்கும் அவருடைய மாணவர்களே, உங்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும்.

ஒரு பொங்கல் விழாவுக்கு மாணவர்கள் வளாகத்தில் கிராமத்துக் கண்காட்சி வைத்தார்கள். திறந்துவைக்க மங்கையர்க்கரசி என்னை அழைத்திருந்தார். ரிப்பன் வெட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனோம். கடைசி அரங்கு பண்ணையார் வீடு. ஒட்டுமீசை வைத்த மாணவன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தான். உடம்பெல்லாம் கரி பூசிய இன்னொருவன் இடுப்பில் துண்டைக் கட்டிக் குனிந்து நின்றான். சுற்றிலும் செல்ஃபி, சிரிப்பு. எங்களைக் கண்டதும் ஒட்டுமீசைக்கு உற்சாகம். "எவன்டா அவன்?" என்று அதட்டினான்.

என் கை தானாக எழுந்து, தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டது.

எந்த வாசலிலும் துண்டை இறக்கமாட்டேன் என்று ஊரையே பகைத்துக்கொண்டவன் நான். அந்தக் கூட்டத்தில் அதைப் பார்த்தவர் மங்கையர்க்கரசி ஒருவர்தான்.

உடனே அரங்கைப் பிரிக்கச் சொன்னார். சும்மா ஜாலிக்குத்தான் மேடம் என்றான் ஒட்டுமீசை. எனக்கு அவன்மேல் வந்ததைவிட அவர்மேல்தான் கோபம் வந்தது. என் கையைப் பார்த்த பிறகுதானே பிரிக்கிறார்? "ஏம்மா, காலையில இருந்து இருந்துச்சுல்ல? இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, மேடைக்குப் போகாமல் வெளியே நடந்தேன்.

பின்னாலேயே வந்தார். பேருந்து நிறுத்தத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டு வாசல்ல இத நெசமாவே பாத்து வளந்தவ நான். அந்தப் பய அதட்டுனதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சுண்ணே. சிரிச்சுட்டேன். பெறகுதான் உங்க கையப் பாத்தேன்."

பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

அதன்பின் எந்த விழாவுக்கும் போகவில்லை. போயிருக்கலாம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் போன் மட்டும் வரும். "வாரீகளாண்ணே?" வரவில்லை என்பேன். "சரி, சாப்ட்டீகளா?" என்பார். அவ்வளவுதான்.

என் கை செய்ததை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்று நானே சொல்கிறேன். எழுதும்போதே உடம்பு கூசுகிறது. எங்களுக்கு நடந்ததற்காக வருந்துகிறேன் என்று மேடையில் உருகியவர்கள் பலர். அந்தப் பேச்சு எதுவும் என்னிடம் தங்கவில்லை. மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காத ஒரு சிரிப்பை, பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னவர் மங்கையர்க்கரசி. அவர் எனக்கு விட்டுப்போனதாக அதை வைத்திருக்கிறேன்.