தையல்காரி பிரித்த லாரி

லாரி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டால் பாதி வாழ்க்கை வாசலைப் பார்த்தே போய்விடும் என்று தையல்காரியிடம் கல்யாணத்துக்கு முன்பே எல்லோரும் சொன்னார்கள். மீதிப் பாதியில் அந்த ஆள் வீட்டோடு வந்து கிடப்பார் என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அவள் புருஷனைத் தெருவில் ஏர்பிரேக் என்றால்தான் தெரியும். கோபம் வந்தால் திட்ட மாட்டார், கையை ஓங்க மாட்டார். பெரிய வண்டி நிற்கும்போது வருமே, அந்த மாதிரி மூக்கு வழியாகப் 'புஸ்' என்று ஒரு மூச்சு விடுவார். அதோடு எதிரில் நிற்கிறவன் அடங்கிவிடுவான். மீசை முளைக்காத வயசில் கிளீனராக ஏறியவர், மீசை நரைக்கும்வரை ஒரே முதலாளியின் நீல லாரியை ஓட்டினார். பெண்டாட்டி எந்த மாசத்தில் பிறந்தாள் என்று கேட்டால் முழிப்பார். அந்த லாரியில் எந்தச் சக்கரத்தின் எந்த நட்டு திருட்டுத்தனமாகத் தளரும் என்பது மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

ஒரு நாள் காலை செருப்பு மாட்டக் குனிந்தவர் குனிந்தபடியே சாய்ந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் எனக்கென்ன என்று கிடந்துவிட்டன. வாய் மட்டும் ஒரு வாரத்திலேயே சரியாகிவிட்டது. "அது கொஞ்சம் மெதுவா வந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்" என்று தையல்காரி அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து சுவரும் அவரும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபி பெண் வருவாள். ஒல்லியான பெண், ஆனால் பிடி இரும்பு. அவள் கையைத் தூக்கினால் தூக்க விடுவார். விட்டால் தொப்பென்று விழவிடுவார். அவ்வளவுதான் அவருடைய ஒத்துழைப்பு.

"அம்மா, உங்ககிட்ட மறைக்க விரும்பல" என்றாள் அந்தப் பெண், வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே. "இந்தக் கொஞ்ச மாசத்துல ஐயா எழுந்து உக்காந்து பழகினாத்தான் உண்டு. இப்படியே படுத்திருந்தா அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது, டாக்டரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் என்னம்மா பண்றது? இழுத்து உக்கார வெச்சா சாக்கு மூட்டை மாதிரி சரியுறாரு."

"அவருக்கே வேணும்னு தோணணும்மா."

தோணணுமாம். கடையில் விற்கிற சாமானா அது, வாங்கி வந்து ஊட்டிவிட?

அதை மகளிடம் போனில் சொல்லி அழுததற்குத்தான் வெளியூரிலிருந்து அந்தப் பெட்டி வந்தது. திறந்தால் ஒரே இரும்புத் துண்டும் பிளாஸ்டிக்கும். குட்டி டயர்கள், குட்டி கியர் பாக்ஸ், பொட்டலம் பொட்டலமாக ஸ்க்ரூ. ரிமோட்டில் ஓடுகிற லாரியாம். நாமேதான் ஒன்றொன்றாகப் பூட்டிச் செய்ய வேண்டுமாம்.

"பொம்மை வாங்கி அனுப்பியிருக்கா உங்க பொண்ணு" என்று தையல்காரி பெட்டியைக் கட்டில் மேல் வைத்தாள். "அப்பனுக்குப் பல்லு முளைச்சுதான்னு அடுத்து கேப்பா போல."

அவர் திரும்பவில்லை. அவள் ஒரு துண்டை எடுத்து, இது என்ன கண்றாவி, பூரிக்கட்டையா என்று உருட்டிப் பார்த்தாள்.

"அது ஆக்சில்" என்றது சுவர்ப் பக்கமிருந்து குரல். "தலைகீழாப் புடிச்சிருக்க."

அப்படித்தான் ஆரம்பித்தது.

மறுநாளே அவரை நாற்காலியில் உட்கார்த்தி, தலையணை முட்டுக்கொடுத்து, தையல் மெஷின் பக்கத்தில் துணி வெட்டும் மேஜைக்கு நகர்த்தியாயிற்று. ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதே கையால் திருக முடியாது இல்லையா? பட்டறையிலிருந்து ஒரு சின்ன வைஸ் வாங்கி வந்து மேஜை ஓரத்தில் இறுக்கினாள். பாகத்தை அது கவ்விக்கொள்ளும், பெட்டியோடு வந்த குட்டித் திருகுசாவியால் அவர் இடது கையால் திருகுவார். முதல் ஸ்க்ரூ உள்ளே போவதற்குள் அவர் நெற்றியில் அப்படி ஒரு வேர்வை. கீழே விழுந்த ஸ்க்ரூக்களைத் தையல்காரி காந்தத்தால் பொறுக்குவாள், ஊசி பொறுக்குவது போல. வலது கையை என்ன செய்வது? சும்மா கிடக்கும் கையை மேஜை மேல் எடுத்து வைத்து, காகிதம் பறக்காமல் இருக்க அதைப் பாரமாக வைத்துக்கொண்டார். பிசியோதெரபி பெண் அதைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினாள். அவராக அந்தக் கையைத் தொட்டு நகர்த்தியது அதுதான் முதல் தடவை.

பெட்டியில் இருந்த மாதிரி செய்தால் அவருக்குப் போதவில்லை. தன்னுடைய லாரி மாதிரியே வேண்டும். கேபினுக்கு அந்த நீலம்தான் வேண்டும் என்று நாலு நீலத்தைத் திருப்பி அனுப்பினார். பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சக்கரத்துக்குப் பின்னால் மண்தட்டி வைக்கச் சொன்னார். பின்பெட்டிக்கு ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டிப் பலகை. தையல்காரி உள்ளங்கை அளவில் ஒரு தார்ப்பாய் தைத்தாள், ஓரம் மடித்து, கண்ணி வைத்து, கயிறு கோத்து. டிரைவர் சீட்டுக்கு ரெக்சின்.

"இந்தச் சீட்டு கொஞ்சம் கோணலா இருக்கு. பிரிச்சுத் தையி."

"ரெக்சினப் பிரிக்க முடியாதுங்க. ஊசி போன ஓட்டை அப்படியே நிக்கும். துணின்னா நீவிவிட்டா மூடிக்கும், இது மூடாது."

"உனக்குப் பிரிக்க வராதுன்னு சொல்லு."

"எனக்கா? நான் பிரிச்ச துணிய நானே தேடணும், எங்க தைச்சிருந்ததுன்னு!"

அவர் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. அவளுக்கு அது போதும்.

வேலை மளமளவென்று நடந்தது. அதில்தான் வினையும் வந்தது. ஒரு நாள் சக்கரங்களைப் பூட்டி முடித்து, லாரியை வைஸில் தொங்கவிட்டபடியே ரிமோட்டை அழுத்தினார். சக்கரங்கள் நாலும் ஓசையில்லாமல் சுழன்றன. தையல்காரி கைதட்டினாள்.

"இன்னும் கேபின் வெச்சா முடிஞ்சுது" என்றார் அவர்.

"முடிஞ்சதும் என்ன பண்றதா உத்தேசம்?"

"என்ன பண்றது? மெத்தைல போய்ப் படுக்க வேண்டியதுதான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். காபி ஆறிப்போச்சு என்பது போல.  தையல்காரி மகளிடம் இன்னொரு பெட்டி கேட்கலாமா என்று பார்த்தால், "ஒண்ணு போதும், நான் என்ன பொம்மைக் கடையா வெக்கப் போறேன்?" என்று அவர் முன்கூட்டியே போனில் சொல்லி வைத்திருந்தார்.

மத்தியானம் சாப்பிட்டதும் அவர் கொஞ்ச நேரம் கண்ணயர்வார். அன்று அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் தையல்காரி மேஜைக்குப் போனாள். பின் ஆக்சிலில் இருந்த ஸ்க்ரூக்களைப் பாதி கழற்றினாள். இரண்டொன்றை முழுசாக எடுத்து மேஜையில் போட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே உபாயம் அதுதான். வாடிக்கைக்காரி அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டுமென்றால் கையைப் பிரித்துப் போட்டுவிட்டு, "இன்னும் கை வெக்கணும்மா" என்று எத்தனை ஜாக்கெட்டுக்கு நாள் கடத்தியிருக்கிறாள்!

எழுந்து வந்தவர் பார்த்தார். "இது எப்படி லூசாச்சு?"

"ஓடின ஓட்டத்துல அதிர்ந்திருக்கும்."

"அதிரும் அதிரும்" என்று ஒத்துக்கொண்டு மறுபடி வேர்க்க வேர்க்க இறுக்கினார். தையல்காரி மெஷினை மிதித்தபடி ஓரக்கண்ணால் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். மூளை வேலை செய்கிறதாம் அவளுக்கு.

அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. அவர் காலையில் பூட்டுவார், அவள் மத்தியானம் தளர்த்துவாள். ஒரு நாள் ஆக்சில், ஒரு நாள் கியர் பாக்ஸ். அவர் எழுந்து உட்கார்ந்தார், பிசியோதெரபி பெண்ணைப் பிடித்துக்கொண்டு கதவுவரை நடந்தார். எல்லாம் தன் கெட்டிக்காரத்தனம் என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள். அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்ததை மட்டும் கவனிக்கவில்லை. 'புஸ்' கூட வரவில்லை. கோபப்படுகிற ஆளுக்குக் கோபம் நின்றுபோனால் என்ன அர்த்தம் என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

கடைசியில் ஒரு நாள் கேபினும் ஏறிவிட்டது. பிசியோதெரபி பெண்தான் பிடிவாதம் பிடித்தாள். "இன்னிக்கு ஓட்டிக் காட்டினாத்தான் நான் போவேன் ஐயா." தரையில் விட்டார்கள். நீல லாரி தார்ப்பாய் மூடிக்கொண்டு கட்டில் காலைச் சுற்றி, மெஷினுக்கு அடியில் நுழைந்து, கம்பீரமாக வெளியே வந்தது.  வாசற்படி பக்கம் திரும்பும்போது சடக்கென்று ஒரு சத்தம். பின் ஆக்சில் தனியாகக் கழன்று அங்கேயே நின்றது. லாரி பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் படுத்தது.

தையல்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று அவள் அதைத் தொடவே இல்லை. சத்தியமாகத் தொடவில்லை.

பிசியோதெரபி பெண் ஆக்சிலை எடுத்து உள்ளே விரலால் தடவினாள். "ஓட்டையெல்லாம் தேஞ்சு போயிருக்கு ஐயா. பிளாஸ்டிக் இல்லையா? ஸ்க்ரூ நிக்காம சும்மா சுத்துது."

அவர் தலையை ஆட்டினார். "எத்தனையோ தடவ இறுக்கிட்டேம்மா. ஒரு நாள் நிக்குது, மறுநாள் கழண்டுக்குது. கைல பலமில்ல. சொன்னா அசிங்கம்னு சொல்லல. ஒரு சின்ன ஸ்க்ரூவ இறுக்க முடியாதவன் நான் எங்க எழுந்து நடக்கப் போறேன்? உனக்கும் வீண் அலைச்சல். நாளைலேர்ந்து வராத."

 திரும்பத் திரும்பக் கழற்றிக் கழற்றி ஓட்டையைத் தின்றது தையல்காரிதான். துணிக்கும் ரெக்சினுக்கும் வித்தியாசம் தெரிந்தவளுக்கு ரெக்சினும் பிளாஸ்டிக்கும் ஒரே ஜாதி என்று மட்டும் தோன்றவில்லை.

மறுநாள் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. அதற்கு மறுநாளும் எழவில்லை. கரண்டியை இடது கையில் கொடுத்தால் வாங்கவில்லை. தையல்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, லாரியை எடுத்து வந்து கட்டில் மேல் வைத்தாள்.

"நான்தாங்க கழட்டினேன்."

"எதை?"

"இதைத்தான். நீங்க மத்தியானம் தூங்கறப்ப. தினம் தினம். வேலை முடிஞ்சா நீங்க படுத்துக்குவீங்கன்னு பயந்து கழட்டினேன். ஓட்டை தேஞ்சது என்னால. உங்க கைமேல ஒரு குத்தமும் இல்ல."

மூச்சுக்காகக் காத்திருந்தாள். புஸ் என்று விட்டால் காலில் விழலாம், அழலாம். வரவில்லை. அவர் மெதுவாகத் திரும்பி, இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி மெதுவாகப் பிடித்ததில்லை.

"உனக்குப் பொய் சொல்ல வரலடி. விட்டுடு."

"பொய் இல்லீங்க!"

"நான் மனசு உடையக் கூடாதுன்னு பழிய உன் தலைல போட்டுக்கற. எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரில கூட எல்லாம் சரியாயிடும்னு டாக்டர் சொன்னாருன்னு சொன்ன. சொன்னாரா அவரு?"

சொல்லவில்லைதான். அது அவளாகச் சொன்னது.

"அது வேற. இது நெசம். என் கண்ணாண."

"எதால கழட்டின?"

"அந்தச் சாவியாலதான்."

"சரி, கழட்டு. பாப்போம்."

ஆக்சிலைக் கையில் எடுத்தாள். பிரயோசனமில்லை, அதிலிருந்த ஸ்க்ரூக்கள் விரலால் தொட்டாலே சுற்றின. அவர் முன்பக்கத்தைக் காட்டினார். பம்பரை அடிச்சட்டத்தோடு பிடிக்கும் இரும்பு ஸ்க்ரூ, இரும்பு நட்டு. முன்பக்கம் கழற்றினால் பளிச்சென்று தெரிந்துவிடும் என்று தையல்காரி அதன் கிட்டேயே போனதில்லை. சாவியை மாட்டித் திருகினாள். அசையவில்லை. லாரியை மடியில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் திருகினாள். சாவி வழுக்கி அவள் கட்டைவிரலைக் கிழித்தது.

அவள் சந்தோஷத்தில் லாரியை அவர் முன்னால் நீட்டினாள். "பாத்தீங்களா? ரெண்டு கையாலயும் எனக்கு வரல! இது உங்க இடது கை இறுக்கினது. இந்தக் கைக்கா பலமில்லன்னு சொல்றீங்க?"

"அதைத்தாண்டி நானும் சொல்றேன்" என்றார் அவர், கோபமே இல்லாமல். "இந்த ஒண்ணையே உன்னால கழட்ட முடியல. வண்டி முழுக்கக் கழட்டினேங்கற."

தையல்காரிக்கு அப்போதுதான் கணக்கு விளங்கியது.   கழன்றால் அவர் கைக்குப் பலமில்லை. கழலாவிட்டால் அவள் சொன்னது பொய்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் பிசியோதெரபி பெண்ணின் குரல் கேட்டது. வராதே என்று சொல்லியும் வந்திருக்கிறாள். "அம்மா, ஐயா எழுந்துட்டாரா?"

தையல்காரி ரத்தம் கசியும் விரலோடு சாவியை மறுபடி அதே ஸ்க்ரூவில் மாட்டித் திருகிக்கொண்டிருந்தாள். அது கழல வேண்டுமா, கழலக் கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை.